சைலஸ் சோல் அம்மாவுக்கு எழுதிய பட்டாளத்துக் கடிதங்கள்: 300 என்றவர் ஏன் 130 என்று மாற்றினார்?

மணல்மேடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரே குடும்பத்தின் கடிதங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சந்தேகம் தீரவில்லை, அதைக் கேட்கத்தான் இந்த இழை. முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன்.

1854-ல் கான்சஸ் பிரதேசம் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது. அங்கே அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது சட்டம். அதனால் இரண்டு தரப்பும் ஆள் சேர்த்து அனுப்பின. மெய்ன் மாநிலத்தில் பீப்பாய் செய்து பிழைத்த அமாசா சோல் அடிமைமுறையை எதிர்த்தவர். லாரன்ஸ் ஊருக்குத் தெற்கே நிலம் பிடித்து வீடு கட்டினார். மனைவி சோஃபியாவும் மற்ற பிள்ளைகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். மிசௌரியிலிருந்து தப்பி ஓடிவரும் அடிமைகளுக்கு அந்த வீடு ஒளிவிடம். இருட்டியதும் அவர்களை அடுத்த வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மகன் சைலஸுக்கு. அப்போது அவனுக்குப் பதினாறு, பதினேழு வயது.

1860-ல் சைலஸ் தங்கம் தேடி கொலராடோவுக்குப் போனார். உள்நாட்டுப் போர் வந்ததும் முதலாம் கொலராடோ ரெஜிமெண்ட்டில் சேர்ந்தார். 1862 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் குளோரியெட்டா கணவாய்ச் சண்டையில் இருந்தார். பிறகு அந்த ரெஜிமெண்ட் குதிரைப்படையாக மாறியது. 1864-ல் அவர் 'டி' கம்பெனியின் கேப்டன். இருந்த இடம் ஆர்கன்சா நதிக்கரையில் ஃபோர்ட் லியான்.

1864 நவம்பர் 29 விடியற்காலையில் கர்னல் சிவிங்டன் சுமார் 675 பேரோடும் நான்கு மலை பீரங்கிகளோடும் சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் இருந்த ஷையேன், அரபாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் முகாமைத் தாக்கினார். சமாதானம் பேசிவிட்டு, படையின் பாதுகாப்பில் இருக்கிறோம் என்று நம்பித் தங்கியிருந்தவர்கள் அவர்கள். தலைவர் பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், வயசாளிகள். சோல் தன் கம்பெனியைச் சுட விடவில்லை.

இப்போது கடிதங்கள். டிசம்பர் 14-ல் தன் முன்னாள் மேலதிகாரி மேஜர் வைன்கூப்புக்கு எழுதுகிறார். மண்டியிட்டுக் கிடந்த சின்னக் குழந்தைகளை என்ன செய்தார்கள் என்பது வரை ஒன்றையும் மறைக்கவில்லை. நாலு நாள் கழித்து அம்மாவுக்கு எழுதுகிறார். 300 இந்தியர்களின் (அமெரிக்கப் பழங்குடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) படுகொலையில் தானும் இருந்ததாகவும், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் என்றும், தன் ஆட்களைச் சுட விடவில்லை என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவ்வளவுதான்.

என் கேள்வி: பெற்றவள் மனசு தாங்காது என்று அம்மாவிடம் மறைத்தாரா? அப்படியானால் குடும்பக் கடிதத்தைச் சாட்சியாக எவ்வளவு நம்பலாம்?

தபால்காரர் மகள்

மணல்மேடு அண்ணா, நல்ல இழை. ஆனால் "மறைத்தார்" என்று முடிவு கட்டும் முன்னால் ஜனவரி 8-ஆம் தேதிக் கடிதத்தைப் படித்தீர்களா? அதுவும் அம்மாவுக்குத்தான்.

புத்தாண்டு நாளை அந்தச் சண்டை நடந்த இடத்தில் பிணங்களை எண்ணிக் கழித்தேன் என்று எழுதுகிறார். பேசிக்கொண்ட அளவுக்குச் சாகவில்லை, 130-க்கு மேல் இல்லை என்கிறார். ஆனால் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், எல்லோருடைய தலைத்தோலும் உரிக்கப்பட்டிருந்தது என்று அதே வரியில் வருகிறது. பெற்ற தாய்க்கு! மறைக்கிறவர் இதை எழுதமாட்டார்.

அதோடு, ஓடிவந்தவர்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்ட அம்மா அவர். மிசௌரிக்காரன் எப்போது துப்பாக்கியோடு கதவைத் தட்டுவான் என்று தெரியாமல் இராத்திரிகளைக் கழித்தவர். 1863 ஆகஸ்ட் 21-ல் அடிமைமுறையை ஆதரித்த குவான்ட்ரில் கும்பல் அதே லாரன்ஸ் ஊருக்குள் புகுந்து 150-க்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் கொன்றது. பட்டாளத்தில் இருந்த மகனுக்கு வீட்டை நினைத்துத்தான் கவலை இருந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் பூசி மெழுக வேண்டியதில்லை.

மணல்மேடு

ஜனவரிக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. டிசம்பரோடு நின்றுவிட்டேன். தவறு என்னுடையது, நன்றி. அப்படியானால் கேள்வியே மாறுகிறது, இழையின் தலைப்பையும் மாற்றிவிட்டேன். 300 எப்படி 130 ஆனது?

பழைய வாத்தியார்

தம்பி, நாற்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிசம்பரில் அவர் எழுதியது முகாமில் எல்லோர் வாயிலும் இருந்த எண்ணிக்கை. ஜனவரியில் எழுதியது தானே போய் எண்ணியது. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் குளிரில் குதிரையேறி, ஒரு மாதமாகத் திறந்த வெளியில் கிடந்த பிணங்களுக்கு நடுவே நடந்திருக்கிறான். எண்ணியதில் தன் பக்கத்து வாதத்துக்குச் சாதகமில்லாத சிறிய எண் வந்தபோதும் அதையே எழுதினான். நான் அவரை நம்புவதற்கு முதல் காரணமே அதுதான்.

மறுபக்கம் சிவிங்டனைப் பாருங்கள். அன்று இரவே மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் 400 முதல் 500 வரை கொன்றதாகப் பெருமை பேசினார். அவர் மெதடிஸ்ட் பாதிரியாக இருந்து பட்டாளத்துக்கு வந்தவர். குளோரியெட்டாவில் எதிரியின் தளவாட வண்டிகளை எரித்துப் பெயர் வாங்கியவர். அந்தச் சண்டையில் சோலும் இதே சிவிங்டனோடு ஒரே படையில் இருந்தார். ஆகவே சாண்ட் கிரீக்கில் சோல் மறுத்தது யாரோ ஒரு அந்நிய அதிகாரியின் கட்டளையை இல்லை. தன் ரெஜிமெண்ட்டின் வீரர் என்று ஊரே கொண்டாடிய ஆளின் கட்டளையை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரிக் கடிதத்தில் சோல் ஓர் ஆசையையும் எழுதுகிறார்: வாஷிங்டனில் இருப்பவர்கள் இதை விசாரிக்க வேண்டும் என்று. என்னைப் பதவி நீக்குவேன் என்றார் கர்னல், ஆனால் எனக்கு முன்னால் அவரே வெளியே போய்விட்டார் என்றும் சொல்கிறார். அதைப் படிக்கும்போது இருபத்தாறு வயதுப் பிள்ளையின் குரல் நன்றாகவே கேட்கிறது. அம்மாவிடம்தான் அப்படி நிமிர்ந்து நின்று பேச முடியும்.



நெய்தல்

எல்லாம் சரி. நான் கொஞ்சம் கடுமையாகக் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

அவர் ஏன் அந்தப் படையோடு போனார்? நவம்பர் 28 இரவு எட்டு மணிக்கு ஃபோர்ட் லியானிலிருந்து கிளம்பி, விடிய விடிய சுமார் 40 மைல் குதிரையில் போயிருக்கிறார்கள். எங்கே போகிறோம் என்பது தெரியாமலா போனார்? கம்பெனி சுடவில்லை என்பது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசையில் அவருடைய கம்பெனியும் நின்றதே.

தபால்காரர் மகள்

நெய்தல், நியாயமான கேள்வி. வைன்கூப்புக்கு எழுதிய கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது, அது போதுமா என்பது உங்கள் முடிவு.

செப்டம்பரில் நடந்ததிலிருந்து பார்க்க வேண்டும். வைன்கூப் 127 பேரோடு ஸ்மோக்கி ஹில் நதிப் பக்கம் போய் பிளாக் கெட்டிலைச் சந்தித்தார். சோலும் லெப்டினென்ட் கிரேமரும் கூடப் போனார்கள். சிறைபிடிக்கப்பட்டிருந்த நாலு பேரை மீட்டார்கள். அதன்பிறகு தலைவர்களை டென்வருக்கு அழைத்துப்போய் செப்டம்பர் 28-ல் கேம்ப் வெல்டில் ஆளுநர் எவன்ஸோடும் சிவிங்டனோடும் பேச வைத்தார்கள். அப்போது எடுத்த புகைப்படம் இருக்கிறது. தலைவர்கள் உட்கார்ந்திருக்க, முன்னால் தரையில் மண்டியிட்டிருக்கும் இரண்டு அதிகாரிகளில் ஒருவர் வைன்கூப், மற்றவர் சோல். ஆகவே சாண்ட் கிரீக்கில் இருந்தவர்கள் அவருக்கு முகம் தெரிந்தவர்கள்.

நவம்பர் தொடக்கத்தில் வைன்கூப்பை மாற்றிவிட்டு மேஜர் அந்தோனியைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். சிவிங்டன் வந்ததும் கோட்டையைச் சுற்றிக் காவல் போட்டு யாரும் வெளியே போகாதபடி செய்தார். சோல் அதிகாரிகள் நடுவே வெளிப்படையாகவே எதிர்த்தார், இதில் சேர்கிறவன் கோழை என்று ஏசினார். இந்த முகாமைத் தொடமாட்டோம், ஸ்மோக்கி ஹில் பக்கம் இருக்கும் சண்டைக்காரர்களைத்தான் தேடிப் போகிறோம் என்று அந்தோனி அவருக்கு வாக்குக் கொடுத்தார். அதை நம்பித்தான் போனேன் என்று எழுதுகிறார்.

நெய்தல்

நம்பினார் என்பதை ஏற்கிறேன். போகாமல் இருந்திருந்தால் கம்பெனியை வேறு யாராவது நடத்தியிருப்பார்கள், அந்த ஆட்கள் சுட்டிருப்பார்கள் என்பதும் புரிகிறது. ஆனாலும் எனக்கு முழுசாக ஆறவில்லை. ஆறவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கொலராடோ வாசி

நான் டென்வர் பக்கம் பதினோரு வருடமா இருக்கேன். போன இலையுதிர் காலத்துல குடும்பத்தோட அந்த இடத்துக்குப் போனோம். ஈட்ஸ்னு ஒரு சின்ன ஊர், அதைத் தாண்டிக் கடைசி சில மைல் மண் ரோடு. போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத வெட்டவெளி. புல்லு, காத்து, தூரத்துல வரிசையா காட்டன்வுட் மரங்கள். ஓடைன்னு பேரு, நாங்க போனப்ப பெரும்பாலும் மணல்தான். மேட்டு மேல நின்னுதான் பார்க்க முடியும், கீழ படுகைக்குள்ள இறங்க விடமாட்டாங்க. ஷையேன், அரபாஹோ மக்களுக்கு அது மூதாதையர் கிடக்கிற மண்.

என் பொண்ணு கேட்டா, "அப்பா, ஒளிய ஒரு பாறைகூட இல்லையே, எங்கே ஓடியிருப்பாங்க?" அதுக்கு அங்க இருந்த பூங்கா ஊழியர் சொன்னார்: ஓடைப் படுகையில மேல ஓடி, கையாலேயே மணலைத் தோண்டிப் பள்ளம் பண்ணி அதுக்குள்ள குழந்தைகளை வெச்சாங்க, அந்தப் பள்ளங்களைப் பார்த்துப் பீரங்கி அடிச்சாங்கன்னு. அதுக்கப்புறம் கார்ல திரும்பி வர்ற வழி முழுக்க யாரும் பேசல.

பழைய வாத்தியார்

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது. நியாயப்படுத்த அல்ல, காரணம் புரிவதற்காக.

1864 கோடையில் டென்வர் பயத்தில் இருந்தது. ஜூன் 11-ல் ஊருக்கு வெளியே ஹங்கேட் குடும்பத்தில் கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். அந்த உடல்களை டென்வருக்குக் கொண்டுவந்து சனங்கள் பார்க்க வைத்தார்கள். சமவெளிப் பாதையில் வண்டிகள் தாக்கப்பட்டு மாவு விலை ஏறியது. ஆளுநர் எவன்ஸ் முதலில், சமாதானமாக இருப்பவர்கள் கோட்டைகளுக்கு அருகே போங்கள் என்று அறிவித்தார். ஆகஸ்டில், பகைவர்களான இந்தியர்களைக் கொல்லலாம், அவர்களுடைய சொத்தைக் கொன்றவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று பொதுமக்களுக்கு அறிவித்தார். யார் பகைவர் என்பதை யார் பார்த்துச் சொல்வது? அதே சமயம் மூன்றாம் கொலராடோ என்று 100 நாள் கெடுவுக்கு ஒரு படை திரட்டினார்கள். கெடு முடியப் போகிறது, சண்டையே பார்க்கவில்லை, ஊரில் கேலி. அந்தப் படையைத்தான் சிவிங்டன் அழைத்துப் போனார்.

ஆக, முதல் அறிவிப்பை நம்பிக் கோட்டைக்கு அருகே வந்தவர்கள்தான் இரண்டாம் அறிவிப்பின் பெயரால் செத்தார்கள்.

தபால்காரர் மகள்

எனக்குப் பிடித்த பக்கம் தபால்தான், அதைக் கொஞ்சம் எழுதுகிறேன், அப்பா இருந்திருந்தால் அவர் எழுதியிருப்பார்.

அந்தக் காலத்தில் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 3 சென்ட் தபால்தலை. சிப்பாயிடம் காசோ தபால்தலையோ இல்லையென்றால் உறையின் மேல் 'படைவீரர் கடிதம்' என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பலாம், வாங்குகிறவர் காசு கொடுப்பார். கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கேப்டன் சோல் தன் ஆட்களின் உறைகளில் கையெழுத்துப் போட்டிருப்பார், தன் கடிதத்துக்குத் தானே தபால்தலை ஒட்டியிருப்பார்.

வாத்தியார் ஐயா சொன்ன அந்தக் கோடையில் சமவெளி வழியே தபால் வண்டி போக முடியாமல், டென்வருக்கான தபால் பனாமா வழியாகக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோ போய் அங்கிருந்து திரும்பி வந்தது. கண்டத்தின் நடுவில் இருக்கிற ஊருக்கு! டென்வருக்கு 1863-லேயே தந்தி வந்துவிட்டது. சிவிங்டனின் அறிக்கைகள் அதிகார வழியில் வேகமாகப் போய்ப் பத்திரிகைகளில் வெற்றிச் செய்தியாக வந்தன. சோலும் கிரேமரும் எழுதியது கையெழுத்துக் கடிதம், குதிரையிலும் வண்டியிலும் போக வேண்டியது. ஆனாலும் அது போய்ச் சேர்ந்தது. ஜனவரியில் வைன்கூப்பையே ஃபோர்ட் லியானுக்குத் திருப்பி அனுப்பி விசாரிக்கச் சொன்னார்கள். நாடாளுமன்றக் குழுக்கள் இரண்டு, இராணுவக் குழு ஒன்று என மூன்று விசாரணை நடந்தது.

மணல்மேடு

அக்கா, இந்தத் தபால் விவரத்துக்குத் தனியாக நன்றி.

1865 பிப்ரவரியில் இராணுவக் குழு டென்வரில் கூடியபோது முதல் சாட்சி சோல்தான். சிவிங்டன் பட்டாளத்தை விட்டு விலகிவிட்டதால் அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. எவன்ஸ் பதவி விலக வேண்டி வந்தது. அவ்வளவுதான் தண்டனை.

சோல் அப்போது டென்வரில் இராணுவக் காவல் அதிகாரி. ஏப்ரல் 1-ல் ஹெர்சா கோபர்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஏப்ரல் 23 இரவு தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பார்க்கப் போனவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கல்யாணமாகி 22 நாள். சுட்டவன் சார்லஸ் ஸ்கொயர் என்கிற பட்டாளத்துக்காரன். அவனை நியூ மெக்சிகோவில் பிடித்துக் கொண்டுவந்தவர் லெப்டினென்ட் கேனன். ஜூலையில் கேனன் டென்வர் ஓட்டல் அறையில் செத்துக் கிடந்தார். ஸ்கொயர் தப்பித்துப் போய்விட்டான், யாரும் தண்டனை பெறவில்லை.

கான்சஸில் இருந்த அம்மாவுக்குச் செய்தி போனதை நினைத்தால் மேலே எழுத வரவில்லை.

நெய்தல்

என் மன உறுத்தலின் இன்னொரு பாதியையும் சொல்லிவிடுகிறேன். வைன்கூப்புக்கு அனுப்பிய கடிதங்களின் நகல் கொலராடோவில் ஒரு பழைய பெட்டியில் கிடந்து 2000-ல் வெளிவந்தது. அந்த வருடமே அவை நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டு, சாண்ட் கிரீக்கைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் ஷையேன், அரபாஹோ பாட்டிகள் 136 வருடமாகப் பேரப்பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

அவர்கள் பக்கத்திலும் கடிதம் இருக்கிறது. இந்த இழையில் அது வராமல் போகக்கூடாது. வில்லியம் பென்ட் என்ற வெள்ளை வணிகருக்கும் ஔல் வுமன் என்ற ஷையேன் பெண்ணுக்கும் பிறந்தவர் ஜார்ஜ் பென்ட். அதுவும் எல்லைப்புறக் குடும்பம்தான், சோல் குடும்பத்தைவிட முன்னால் அங்கே வந்து வேரூன்றியது. நவம்பர் 29 காலையில் ஜார்ஜ் அந்த முகாமில் இருந்தார், இடுப்பில் குண்டு பட்டது. அவருடைய அண்ணன் ராபர்ட்டை மிரட்டி அதே படைக்கு வழிகாட்டியாக இழுத்துவந்திருந்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருவர் தாக்கப்படுகிற இடத்தில், ஒருவர் தாக்குகிற படையின் முன்னால்.

ஜார்ஜ் பென்ட் முதுமையில், 1905 முதல் 1918-ல் சாகும் வரை, ஜார்ஜ் ஹைட் என்ற ஆய்வாளருக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார். முதிய தலைவர் ஒயிட் ஆன்டிலோப் ஓடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு தன் சாவுப் பாட்டைப் பாடியபடி நின்று செத்தது அவற்றில் இருக்கிறது. தப்பியவர்கள் அன்றிரவு உறைபனியில் எப்படிக் கிடந்தார்கள் என்பதும் இருக்கிறது. விறகு இல்லை, புல்லைப் பிடுங்கி எரித்தார்கள், காயம்பட்டவர்கள் மேல் புல்லைக் குவித்து மூடினார்கள். விடியும் முன்பே எழுந்து ஸ்மோக்கி ஹில் பக்கம் நடந்தார்கள்.

பழைய வாத்தியார்

நெய்தல், நீங்கள் யாரென்று தெரியாது, ஆனால் இந்தப் பதிவுக்காக உங்களுக்கு வணக்கம் அம்மா/ஐயா. தம்பி மணல்மேடு கேட்ட முதல் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மணல்மேடு

ஆமாம் ஐயா, எனக்கும் இப்போதுதான் உறைத்தது.

இன்று தேசியப் பூங்காத் துறை சொல்லும் எண்ணிக்கை சுமார் 230. சோல் எண்ணியது 130. நான் இவ்வளவு நாளும் இரண்டில் ஒன்று தப்பு என்றே பார்த்தேன். சோல் எண்ணியது ஒரு மாதம் கழித்து, அந்த மணலில் மிச்சமிருந்த உடல்களை. நெய்தல் சொன்ன அந்த இராத்திரியில் புல்லுக்கு அடியில் செத்தவர்கள், ஸ்மோக்கி ஹில் போகும் வழியில் விழுந்தவர்கள், உறவினர்கள் தூக்கிச் சென்ற உடல்கள், இவர்கள் அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வழியே இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு குடும்பத்தின் கடிதங்களையும் பக்கத்தில் வைத்தால் எண்கள் சண்டை போடவில்லை.

பிளாக் கெட்டில் அன்று உயிர் தப்பினார். 1868 நவம்பர் 27-ல் வாஷிட்டா நதிக்கரையில் கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை தாக்கியபோது மனைவியோடு கொல்லப்பட்டார். 1865 ஒப்பந்தத்தில் சாண்ட் கிரீக்கில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு தருவதாக அரசு எழுதிக் கொடுத்தது. அது இன்றுவரை முழுசாக நிறைவேறவில்லை.

கொலராடோ வாசி

ஒரு விவரம் விட்டுப்போச்சு. ஒவ்வொரு நவம்பர் கடைசியிலயும் ஷையேன், அரபாஹோ இளைஞர்கள் சாண்ட் கிரீக்லேர்ந்து டென்வர் வரைக்கும் ஓடி வராங்க. 1999-ல ஆரம்பிச்சது. டென்வர் ரிவர்சைடு கல்லறைத் தோட்டத்துல சோல் கல்லறைக்கு முன்னால நின்னு மரியாதை செய்வாங்க. பட்டாளத்துக்காரங்களுக்கு வைக்கிற சின்ன வெள்ளைக் கல்தான், தேடினாத்தான் தெரியும். அவரைச் சுட்ட இடத்துலயும் இப்ப ஒரு கட்டடச் சுவர்ல பலகை இருக்கு.

இந்த வருஷம் நானும் பொண்ணும் போறோம். அவ ஜார்ஜ் பென்ட்டைப் பத்தி ஏதாவது படிக்கணும்னு கேக்கறா. நெய்தல், பதிமூணு வயசுப் பிள்ளை படிக்கிற மாதிரி எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

நெய்தல்

அவருடைய கடிதங்களை வைத்து ஹைட் எழுதிய வாழ்க்கை வரலாறு 1968-ல் அச்சில் வந்தது. முதலிலிருந்து வேண்டாம். சாண்ட் கிரீக் அத்தியாயத்தை நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு அவளோடு சேர்ந்து படியுங்கள். அவள் கேட்டாளே, எங்கே ஓடியிருப்பார்கள் என்று. அதற்கான பதிலை அன்று ஓடிய ஒருவரே எழுதியிருக்கிறார்.